இடித்தால் ஏழு விநாடி

முட்டி ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிறவியிலேயே அவனுக்கு இடது கண்ணில் பாதிப் பார்வைதான். தூரத்தைக் கணிக்க வராது, ஸ்டியரிங் பிடிக்கிற ஆசையை விட்டுவிடட்டும் என்று கண் டாக்டர் சொன்னார். அதே கண்ணோடு, வணிக வளாகத்தில் நடந்த கார்ப் பந்தய வீடியோ கேம் போட்டியில் முந்நூறு பேரைத் தாண்டி முதலாவதாக வந்தான். பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் மூன்று பேர் மடக்கி அடித்தபோது மூக்கு உடைந்து சட்டை முழுக்க ரத்தம். ஆனாலும் குனிந்த தலையைத் தூக்காமல் வயிறு வயிறாக முட்டி மூவரையும் ஓட விட்டான். முட்டி என்ற பட்டப்பெயர் அன்றைக்கு வந்ததுதான். காலேஜ் வாசலை மிதிக்காதவன், பட்டம் வாங்கிய பதினோரு பேரோடு வரிசையில் உட்கார்ந்து, வீடியோ கேம் தயாரிக்கிற நிறுவனத்தில் டெஸ்டர் வேலையைத் தட்டிக்கொண்டு வந்தான். சேர்ந்த வருடமே ஆட்குறைப்பில் பாதி நாற்காலிகள் காலியாயின. இவன் நாற்காலி காலியாகவில்லை.

எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. அவன் அக்காவுக்குத் தெரியும். உடைந்த மூக்கில் ஐஸ் வைத்து அமுக்கிப் பிடித்தவள் அவள்தான்.

அக்கா எட்டாம் வகுப்போடு பையைக் கழற்றி வைத்துவிட்டு, கார் சீட் கவர் தைக்கிற கடைக்குப் போனவள். கடைக்குப் புது வண்டியும் வரும், இடி வாங்கிய வண்டியும் வரும். இடி வாங்கியதை முதலாளி அவள் பக்கம்தான் தள்ளுவார், மற்றவர்களுக்குக் குமட்டும். ரெக்ஸின்மேல் காய்ந்த ரத்தம் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். ஸ்பாஞ்சைப் பிளந்தால் கண்ணாடித் தூள் கொட்டும். ஒருமுறை ஒரு பல் கிடந்தது. சின்னப் பல். அதைத் தாளில் மடித்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்து வந்தாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் கார் உடைக்கிற விளையாட்டில் உட்காருவாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உட்காருவாள். உள்ளே ஒருவரும் இல்லாத காரை உடைப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. காசு சேர்த்துத் தம்பி வாங்கி வந்த ‘நொறுக்கு’ என்ற அந்த விளையாட்டில், டி.வி. திரை நடுவில் இரண்டாகப் பிரியும். மேல் பாதி அக்காவுக்கு, கீழ் பாதி தம்பிக்கு. எதிரியைப் பக்கவாட்டில் ஒரு இடி இடித்தால் அவன் கதவு பிய்ந்து காற்றில் சுழன்று நம் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து போகும். பின்னால் வருகிற லாரி அந்தக் கதவின்மேல் ஏறிச் சறுக்கிப் பெட்ரோல் பங்குக்குள் பாயும். பங்கு வெடிக்கும். அந்த நெருப்புக்குள்ளேயே அழுத்தின ஆக்சிலேட்டரை விடாமல் போய்க்கொண்டே இருக்கலாம். நிற்க வேண்டியதில்லை. அதுதான் விஷயம். நிற்கவே வேண்டியதில்லை.

“ஏய், முழங்கையால இடிக்காதடா.”

“நான் எங்க இடிச்சேன்? உன் காரைத்தானே இடிச்சேன்.”

“விலா எலும்பு வலிக்குது, காரு இங்கயா இருக்கு?”

சுவரைப் பார்த்துத் தலையணை பறக்கும், சில நாள் செருப்பும் பறக்கும். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டுவார். அவர் தட்டினால் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த விளையாட்டைச் செய்த நிறுவனத்தில்தான் தம்பிக்கு வேலை கிடைத்தது. இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை காரைச் சுவரில் மோதி, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மோதி மோதி அவன் கட்டைவிரலில் காய் காய்த்தது. ஊசி தள்ளி அக்காவின் விரலிலும் அதே இடத்தில் காய். இரண்டு பேரும் விரலை ஒட்ட வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாகத்தை வடிவமைத்தவரை அங்கே எல்லாரும் சீஃப் என்பார்கள். முதல் பாகமும் அவர் செய்ததுதான். கெட்டிக்காரர், கோபக்காரர். இந்தத் தடவை அவர் புதிதாக ஒன்று செய்தார். எந்த இடி விழுந்தாலும் ஆட்டம் அப்படியே நிற்கும். கேமரா வானத்துக்கு ஏறும். இரும்பு மடங்குவது, கண்ணாடி பூவாகச் சிதறுவது, டயர் கழன்று தனியாக உருண்டு போவது, எல்லாம் ஏழு விநாடி ஸ்லோ மோஷனில் ஓடும். பார்த்தால் வாய் பிளக்கும். நிறுவனத்தின் பணத்தில் பாதி அந்த ஏழு விநாடிக்கே போயிற்று. ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டரிலும் அதுதான்.

வாய் பிளப்பது முதல் பத்துத் தடவைக்கு. தினமும் நூறு தடவை மோதுகிறவனுக்கு? இரண்டாம் வாரமே தம்பி புரோகிராமரிடம் போய், “அண்ணே, இதைத் தாண்டிப் போக ஒரு வழி வைங்களேன், வேலை ஓடமாட்டேங்குது” என்று கேட்டான். புரோகிராமர் நல்ல மனிதர். கன்ட்ரோலரில் கட்டைவிரலுக்கு என்று இருக்கிற இரண்டு குச்சிகளையும் ஒன்றாக அமுக்கினால் காட்சி வெட்டுப்பட்டு, அடுத்த கணமே கார் ஓடும்படி செய்து கொடுத்தார். அலுவலகத்துக்கு மட்டும். அதற்கு ‘வெட்டு’ என்று பெயர் வைத்தார்கள். டெஸ்டர்கள் வெட்டினார்கள். படம் வரைகிறவர்கள் வெட்டினார்கள். சீஃப்பும் வெட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் இடி விழுந்தால் எல்லார் விரலும் தன்னால் அமுங்கும், இமை மூடுகிற மாதிரி. அப்படி ஒன்றை அமுக்குகிறோம் என்பதே கடைசியில் யாருக்கும் நினைவில்லை.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களை அழைத்துக் கடைக்குப் போகப்போகிற அசல் விளையாட்டைக் கையில் கொடுத்தார்கள். அக்கா நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். நீளமான அறை, வரிசையாக டி.வி.க்கள், சுவரெல்லாம் எரிகிற கார்களின் படம். சீஃப்பே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“முட்டியோட அக்காவா நீங்க? முதல் பாகத்துல உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரும்னு சொல்லியிருக்கான்.”

“இப்பவும் வரும் சார். இவன் பக்கத்துல உட்காரட்டும், பாருங்க.”

“இதுல ரெண்டு பேர் ஒரே டி.வி.ல ஆட முடியாதும்மா. அவங்கவங்க தனித்தனியா.”

அக்காவுக்கு மனசு சுண்டிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரை எடுத்தாள்.

முதல் திருப்பத்திலேயே ஒரு சிவப்புக் காரைப் பாலத்தின் தூணோடு சேர்த்து நசுக்கினாள். திரை நின்றது. கேமரா மேலே போனது. சிவப்புத் தகடு காகிதம்போல மடங்கியது, எஞ்சின் சீட்டுக்குள் புகுந்தது. “அடேயப்பா” என்றாள். ஏழு விநாடி கழித்துத் திரை திரும்பியபோது அவள் கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மோதினாள். மறுபடி ஏழு விநாடி. அது முடிந்ததும் எதிரே ஒரு பஸ். மறுபடி. மரத்தாலான ஒரு பெட்டிக்கடையை இடித்தாள். அது உடையவில்லை, அவளுடைய கார்தான் உடைந்தது. ஒரு இரும்பு விளக்குக் கம்பத்தைத் தொட்டாள். அது பொடிப்பொடியாகப் போயிற்று. மறுபடி வானம், மறுபடி ஸ்லோ மோஷன். அவள் நசுக்கிய சிவப்புக் கார் கீறல்கூட இல்லாமல் பின்னாலிருந்து வந்து அவளைத் தாண்டிப் போனது.

“டேய், இந்தப் படத்தை எப்படி நிறுத்துறது?”

“ரெண்டு குச்சியையும் சேர்த்து அமுக்கு.”

“அமுக்குறேன், நிக்கலையே.”

“நல்லா அமுக்கு.”

“இதுக்கு மேல அமுக்கினா கை கழண்டு வந்துடும்.”

தம்பி சிரித்துக்கொண்டே அதை வாங்கி அமுக்கினான். திரையில் ஒரு டயர் நிதானமாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். சிரிப்பு அப்படியே நின்றது. மேலே ஓரத்தில் பந்தயக் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கார் நிற்கிறது, கடிகாரம் நிற்கவில்லை.

அக்கா கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கினாள். இந்தத் தடவை யாரையும் தொடாமல், எல்லாருக்கும் வழி விட்டு, வளைவில் மெதுவாகத் திரும்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். இரண்டாவதாக வந்தாள்.

“இடிக்காம போனாத்தான் ஜெயிக்கலாம்போல இருக்கே” என்றாள். “அப்புறம் எதுக்குடா நொறுக்குன்னு பேரு?”

தம்பி அறையைச் சுற்றிப் பார்த்தான். புரோகிராமரின் மனைவி நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள். மற்ற குடும்பங்கள் காபி மிஷின் பக்கம் கூடிவிட்டிருந்தன. ஐந்து டி.வி.க்களில் ஆள் இல்லாமலே கார்கள் ஸ்லோ மோஷனில் நொறுங்கிக்கொண்டிருந்தன.

அவன் நேராக சீஃப்பிடம் போனான்.

“சார், நாம எல்லாரும் வெட்டிட்டே ஆடியிருக்கோம். வெட்டு வேணும்னு கேட்டவன் நான்தான். நாம வெட்டி ஆடின வேகத்துக்குத்தான் எல்லாப் பந்தயத்துக்கும் நேரம் குறிச்சிருக்கோம். கடைக்குப் போறதுல வெட்டு கிடையாது. ஒவ்வொரு இடிக்கும் ஏழு விநாடி போகுது.”

“உங்க அக்காவுக்கு ஆட வரலைன்னா அதுக்கு நான் என்னப்பா பண்றது?”

“நீங்க ஆடுங்க சார். ஒரு பந்தயம். ஜெயிச்சுட்டா நான் வாயை மூடிக்கிறேன்.”

சீஃப் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் ஆட்டம் வேறு மாதிரி. கண் இமைக்காமல் ஆடினார். மூன்று கார்களை ஒரே வளைவில் பள்ளத்தில் தள்ளினார். மூன்று தடவை வானம், மூன்று தடவை ஏழு. அவர் விரல்கள் தன்னால் குச்சிகளை அமுக்கின. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கின. கழுத்து நரம்பு புடைத்தது. பள்ளத்தில் விழுந்த மூவரும் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தோற்றார். கேட்காமலே இன்னொரு பந்தயம் தொடங்கினார். அதிலும் தோற்றார். மூன்றாவதில் இலக்குக் கோட்டுக்கு முன்னால் ஒரு குப்பைத் தொட்டியில் பின்பக்கம் லேசாக உரசியது. கேமரா மேலே ஏறியது. குப்பைத் தொட்டி அழகாக, நிதானமாக, தங்க நிறத்தில் சிதறியது.

சீஃப் கன்ட்ரோலரை ஓங்கி வீசினார். டி.வி.யைப் பார்த்துத்தான் வீசினார். ஆனால் அது திரையின் விளிம்பில் பட்டுத் திரும்பிப் பக்கத்தில் நின்ற தம்பியின் புருவத்தில் விழுந்தது. சத் என்று ஒரு சத்தம். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நல்ல கண். அவன் ஒரு கையால் பொத்திக்கொண்டு சுவரைத் தேடினான்.

அக்கா எப்போது எழுந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தோலையும் ரெக்ஸினையும் இழுத்துப் பிடித்துத் தைக்கிற கை அது. சீஃப்பின் காலரைக் கொத்தாகப் பிடித்து முறுக்கி, நாற்காலியோடு சேர்த்துச் சுவரில் சாத்தினாள். சட்டைப் பொத்தான் தெறித்தது. அவர் முகம் சிவந்து நீலமாகிக்கொண்டிருந்தது.

“அவனுக்கு இருக்கிறதே அந்த ஒரு கண்ணுதான்” என்றாள். சத்தம் போடவில்லை. “அது போயிருந்தா, உன்னை இந்தச் சுவத்துலயே தைச்சிருப்பேன்.”

புரோகிராமரும் இன்னும் இருவரும் சேர்ந்துதான் அவள் விரல்களைப் பிரிக்க முடிந்தது. சீஃப் குனிந்து இருமினார். திரையில் ஓட்ட ஆளில்லாத அவருடைய கார் எதிலோ மோதி, கேமரா மறுபடி வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை, புருவத்தில் தையல் மட்டும் என்றார் டாக்டர். தைத்த நர்ஸின் கையை அக்கா கடைசிவரை கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “தையல் நெருக்கமா இருக்கு, நல்லா போட்டிருக்காங்க” என்று தம்பியிடம் சொன்னாள். அவன் சிரித்தான், சிரித்ததில் தையல் இழுத்தது, திட்டினான்.

திங்கட்கிழமை இரண்டு விஷயம் நடந்தது. டெஸ்டர்களின் தலைவர் வேலையை விட்டுவிட்டார். வெளியிடலாம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும்; போட்டால் விளையாடுகிறவர்கள் காறித் துப்புவார்கள், போடாவிட்டால் நிறுவனம் துப்பும்; எதற்கு வம்பு என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு முட்டியை உயர்த்தியிருப்பதாக மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொன்னார். கூடவே, சனிக்கிழமை நடந்ததற்கு அவன் அக்கா நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் போலீஸ் வரை போகாமல் முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

“பதவியும் குடுத்து மிரட்டலும் குடுக்குறாங்க” என்றாள் அக்கா வீட்டில். “எதுக்கு?”

“நாளைக்குக் கையெழுத்துப் போடணும். நான் போட்டாத்தான் டிஸ்க் அடிக்கப் போகும். போட்டா இந்தப் பதவி எனக்கே நிலைச்சிடும். போடலைன்னா வேலையே இருக்காது.”

“நீ என்ன பண்ணப்போற?”

“தெரியலக்கா.”

அவனுக்குத் தெரியவில்லை என்பது உண்மைதான். அன்று அவன் முதல் பாகத்தைக்கூடப் போடவில்லை. கட்டிலில் கிடந்து இரண்டு கட்டைவிரல்களையும் காற்றில் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அக்காவும் கூடப் போனாள், மன்னிப்புக் கேட்க. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் மேனேஜரம்மா, சீஃப், புரோகிராமர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சீஃப்பின் கழுத்தில் நகம் பட்ட கீறல் இன்னும் சிவந்திருந்தது.

“மன்னிச்சிடுங்க சார்” என்றாள் அக்கா. “கோபத்துல கையை வச்சுட்டேன். பொத்தான் போனதுக்கு, சட்டையைக் குடுத்தா நானே தைச்சுத் தரேன். கெட்டி நூல்ல போடுவேன், இனிமே யாரு பிடிச்சாலும் வராது.”

புரோகிராமர் இருமுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டார். சீஃப் சிரிக்கவில்லை. “பரவாயில்லம்மா, தப்பு என்மேல” என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

மேனேஜரம்மா ஒரு தாளைத் தம்பி பக்கம் நகர்த்தினார். இரண்டு கட்டம். வெளியிடலாம், நிறுத்தவும். கீழே ஒரு கோடு.

“முட்டி, நேரம் இல்லை. போடு.”

“மேடம், இதைச் சரி பண்ண என்ன ஆகும்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

புரோகிராமர்தான் சொன்னார். “காட்சியைத் தூக்கினாலும் சரி, கடிகாரத்தை நிறுத்தினாலும் சரி, எல்லாப் பந்தயத்தையும் முதல்லேருந்து நேரம் குறிக்கணும். ரெண்டு மாசம் ஆகும்.”

“ரெண்டு மாசம் தள்ளினா கடைக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார் மேனேஜரம்மா. “போஸ்டர் ஒட்டியாச்சு. அந்த ஏழு விநாடியைக் காட்டித்தான் வித்திருக்கோம். இங்க இருக்கிற நாற்பது பேரும் உன்னைத்தான் திட்டுவாங்க. உனக்கு அடுத்த வேலை எங்க கிடைக்கும்? யோசிச்சியா?”

“யோசிச்சேன் மேடம்.”

“அப்புறம் என்ன? பிடிக்காதவங்க இடிக்காம ஓட்டிக்கட்டும்.”

அந்த வார்த்தை விழுந்ததும் சீஃப் தலையைத் தூக்கினார். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவர் முகம். மேஜையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். தண்ணீர் டம்ளர் எகிறிக் கீழே விழுந்து உடைந்தது. யாரும் பொறுக்கவில்லை.

“நான் பண்ணினது அது இல்ல” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசியிருந்தால் தம்பிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பெயர்தான் பெட்டியின்மேல் வரும்; கூட நிற்க அவருக்கு அந்தக் குத்து வரைக்கும்தான் தைரியம் இருந்தது.

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. அவன் எந்தக் கட்டத்தில் போட்டாலும் அவனோடு வீட்டுக்கு நடந்து போகப்போகிறவள் அவள். அதனால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பேனா இருக்கா மேடம்?” என்றான்.

மேனேஜரம்மா நிம்மதியாக மூச்சு விட்டுப் பேனாவைக் கொடுத்தார். அவன் குனிந்தான். தையல் போட்ட புருவம் கண்மேல் வீங்கித் தொங்கியதால் தாளை முகத்துக்கு அருகில் இழுத்துக்கொண்டான். இரண்டாவது கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு குறி போட்டான். மேனேஜரம்மா எட்டித் தாளைப் பிடுங்கப் பார்த்தார். அவன் முழங்கையை ஊன்றி மறித்தான். அவர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார். நாற்காலி சறுக்கியது, அவன் காலுக்குக் கீழே கண்ணாடி நெரிந்தது, தையலின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் தாளில் விழுந்தது. அவன் கை நகரவில்லை.

அந்த நிறுவனத்தில் டெஸ்டர்களுக்கு எண்தான் உண்டு. அவன் எழுதிக் கொடுத்த ஆயிரக்கணக்கான தப்புகளுக்குக் கீழேயும் ஒரு எண்தான் இருக்கும். இப்போது அவன் முட்டி என்றும் எழுதவில்லை, எண்ணையும் எழுதவில்லை. அம்மா அப்பா வைத்த முழுப் பெயரை, ஒரு எழுத்தும் விடாமல், அவசரப்படாமல், கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் எழுதி, அதன் கீழே தேதியும் போட்டான்.

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை.